மும்மொழி பயின்ற அஜாயி கிரவுதர்

திருவொற்றியூர் இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்னும் திருப்பெயர் உண்டு. எழுத்தை அறிதலைத் தெய்வப் பண்பாகவே போற்றிய இவ்வூரின் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் வேளையில், அச்சு நூல்கள் அரிதாயிருந்த மொழிகளுக்கு எழுத்தும் இலக்கணமும் அமைக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்ட ஓர் ஆப்பிரிக்கரை நினைவுகூர்தல் பொருத்தமுடையது. அவர் சாமுவேல் அஜாயி கிரவுதர். இன்றைய நைஜீரியாவின் பெருமொழிகள் மூன்று. மேற்கே யொரூபாவும், கிழக்கே இக்போவும், வடக்கே ஹௌசாவும் வழங்குகின்றன. இவற்றுள் முதலாவது அவருக்குத் தாய்ப்பாலோடு வந்த மொழி. ஏனைய இரண்டும் அவர் அரிச்சுவடி நிலையிலிருந்து கற்கப் புகுந்தவை.

அஜாயி ஏறத்தாழ 1809ஆம் ஆண்டில் யொரூபா நாட்டு ஒசோகுன் என்னும் ஊரில் பிறந்தார். 1821இல் அடிமை வேட்டையாடுவோர் அவ்வூரைச் சூழ்ந்து அழித்தனர். தாயையும் உடன்பிறந்தாரையும் பிரிந்த சிறுவர் பலரிடம் கைமாறி, இறுதியில் போர்த்துகீசியரின் அடிமைக் கப்பலில் ஏற்றப்பட்டார். 1822 ஏப்ரலில் அக்கப்பலை ஆங்கிலேயக் கடற்படை மறித்துப் பிடித்தது. விடுதலை பெற்ற அஜாயி, சியரா லியோனின் பிரீடவுன் நகரில் கரை சேர்ந்தார். ஆறு திங்களுக்குள் அங்கே படிக்கக் கற்றுக்கொண்டார். 1825இல் திருமுழுக்குப் பெற்றபோது சாமுவேல் கிரவுதர் என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது. 1827இல் தொடங்கப்பெற்ற பூராபே கல்லூரியின் முதல் மாணவருள் அவரும் ஒருவர்.

பிரீடவுன் அந்நாளில் மொழிகளின் சந்தையாக விளங்கியது. மேலை ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலிருந்து கவரப்பட்டு மீட்கப்பட்ட மக்கள் அங்கே குடியமர்த்தப்பட்டிருந்தனர். கோலே என்னும் அறிஞர் 1854இல் வெளியிட்ட நூலில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளின் சொற்களை அம்மக்களிடமிருந்தே திரட்டித் தந்தார் என்பது இதற்குச் சான்றாகும். 1841இல் நைஜர் ஆற்றுப் பயணம் ஒன்று திட்டமிடப்பட்டபோது, ஷேன் என்னும் செருமானிய அறிஞருடன் கிரவுதரும் சேர்க்கப்பட்டார். அப்பயணத்தின்பொருட்டு ஹௌசா மொழி கற்கும் கடமை அவருக்கு ஏற்பட்டது. காய்ச்சலால் பலர் மாண்ட அப்பயணம் தோல்வியில் முடிந்தது. எனினும் மொழியாராய்ச்சிக்கு அதுவே நல்ல தொடக்கமாயிற்று.

1843இல் கிரவுதரின் யொரூபாச் சொற்றொகுதி வெளிவந்தது. 1852இல் அது இலக்கணத்துடன் விரிந்தது. சொற்பொருளை விளக்க அவர் பெரிதும் கையாண்டவை மக்களின் பழமொழிகளே. யொரூபாவில் ஓசையின் ஏற்ற இறக்கமே பொருளை வேறுபடுத்தும். எழுத்தளவில் ஒன்றாகத் தோன்றும் ஈரசைச் சொல்லொன்று, ஒலிக்கும் நிலைக்கேற்பக் கணவன், மண்வெட்டி, ஈட்டி, ஊர்தி என நாற்பொருள் தரும். குறில் நெடில் பிழைத்தால் எரி ஏரியாகும் தமிழில் பழகியோர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும். மேலும், அம்மொழியில் எகரமும் ஒகரமும் இவ்விரு வகைப்படும். அவற்றைப் பிரித்தறிய எழுத்தின் கீழே புள்ளியிடும் முறை வழக்கிற்கு வந்தது. எகர ஒகரங்களுக்குப் புள்ளி விதித்த தொல்காப்பியத்தையும், அவற்றின் நெடில்களுக்கு வேறு வடிவம் வகுத்த வீரமாமுனிவரையும் ஈண்டு எண்ணிப் பார்க்கலாம்.

இம்மொழிப்பணி அவரைத் தாயிடமே கொண்டு சேர்த்தது. 1843இல் குருப்பட்டம் பெற்று யொரூபா நாட்டுக்குத் திரும்பிய கிரவுதர், 1846 ஆகஸ்டில் அபெயொகுட்டா நகரில் தம் அன்னை அபாலாவைக் கண்டார். இடையே இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. பிரிந்த நாளில் சிறுவர். கூடிய நாளில் மகனும் மொழிபெயர்ப்பாளருமானவர். அந்நகரில் முதன்முதல் திருமுழுக்குப் பெற்றோருள் அவ்வன்னையும் ஒருவர்.

இக்போ மொழியில் நிகழ்ந்தது வேறு. இராயபுரத்தில் இரயில் நிலையம் திறக்கப்பட்ட 1856ஆம் ஆண்டிற்கு அடுத்த ஆண்டில், கிரவுதரின் இக்போ அரிச்சுவடி வெளிவந்தது. இக்போவின் முதல் அச்சு நூலாக அது குறிக்கப்படுகிறது. ஆனால் அது இசுவாமா என்னும் வழக்கைத் தழுவியது. பிரீடவுனில் வாழ்ந்த, பல ஊர்களிலிருந்து பிரிந்து வந்த இக்போ மக்களிடையே உருவான கலப்பு வழக்கு அது. நைஜர் ஆற்றங்கரையிலோ ஊருக்கு ஊர் மொழி வேறுபட்டது. அம்மக்கள் தம் வாய்மொழியை அவ்வேட்டில் காணவில்லை. மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டவர் நாவிலிருந்து திரட்டிய மொழி, அம்மண்ணிற்குத் திரும்பியபோது அயலாக நின்றது.

ஹௌசாவின் இயல்பு இவ்விரண்டினும் வேறானது. யொரூபாவும் இக்போவும் ஒரு பெருங்குடும்பத்தைச் சார்ந்தவை. அவற்றில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு இல்லை. ஹௌசாவோ அரபுக்குத் தொலைவுறவுடையது. உயிரற்ற பொருள்களின் பெயர்களுக்கும் அதில் பால் உண்டு. ஐரோப்பியர் வருமுன்பே அது அரபு எழுத்தில் எழுதப்பட்டது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் இசுலாமியப் புலவர்களின் அரபுத்தமிழ் மரபை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

1862இல் கிரவுதரின் வீடு தீக்கிரையாயிற்று. சென்றவிடமெல்லாம் கேட்ட சொற்களையும் பழமொழிகளையும் பதினோராண்டுகளாகக் குறித்து வைத்த ஏடுகள் அதில் எரிந்தொழிந்தன. அதன்பின்னரும் அவர் பணியை நிறுத்தினாரல்லர். 1864இல் ஆங்கிலத் திருச்சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரானார். அவ்வாண்டிலேயே நூபே மொழியின் இலக்கணமும் வெளிவந்தது. 1882இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், இக்போச் சொற்றொகுதி ஒன்றையும் வெளியிட்டார். பலர் கூடி உழைத்த யொரூபா விவிலியம் 1884இல் நிறைவுற்றது. ஆயினும் இறுதி ஆண்டுகள் அவருக்கு இனியனவாக அமையவில்லை. இளைய ஐரோப்பியர் அவருடைய பணியாளரைக் குறைகூறி நீக்கினர். 1890இல் அவர் தம் பொறுப்புகள் சிலவற்றைத் துறந்தார். 1891 டிசம்பர் 31இல் லாகோசு நகரில் மறைந்தார்.

ஒரே கை இயற்றிய இரு முயற்சிகளுள், தாயின் மொழியில் செய்தது தழைத்தது. யொரூபா எழுத்தின் அடிப்புள்ளிகள் இன்றும் நிலைத்துள்ளன. இரவல் நாவிலிருந்து கற்ற இசுவாமா வழக்கு நூல்மொழியாக நிலைபெறவில்லை. எழுத்தறிவதற்கு முன்னே, அம்மொழி பேசுவோர் வாழும் தெருவில் நின்று செவியறிதல் வேண்டும் என்பதே அவ்விரண்டும் சேர்ந்து உணர்த்தும் பாடம். முதுமையிலும் மாணவராய் இருந்து, எரிந்துபோன ஏட்டின் அடுத்த பக்கத்தை மீண்டும் எழுதத் தொடங்கிய அஜாயியின் வாழ்வு, சொல்லைத் தொழிலாகக் கொண்ட கவிஞர் அனைவரும் அறியத்தக்கதாகும்.