சோதனை விமானி ஹன்னா ரைட்ச்

திருகோணமலையில் வாழ்பவர்க்குப் போர் விமானம் என்பது வெறும் ஏட்டுச் செய்தியன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாட் காலையில் ஜப்பானிய விமானங்கள் எங்கள் துறைமுகத்தின்மீதும், சீனக்குடா விமானத் தளத்தின்மீதும், எண்ணெய்க் குதங்களின்மீதும் குண்டு பொழிந்தன. அவ்விமானங்களுள் ஒன்று குதமொன்றின்மேல் வீழ்ந்து எரிந்தது. அதனை ஓட்டியவன் வேண்டுமென்றே மோதினான் என்று முதியோர் சொல்லக் கேட்டே என் தலைமுறையினர் வளர்ந்தோம். தன் உயிரையே படைக்கலமாக்கும் அத்துணிவை வீரம் என்பதா, வேறு பெயரால் வழங்குவதா என்னும் வினா என் உள்ளத்தில் நெடுநாளாக உண்டு. அதன் விடையை நாடி அப்போர்க்கால விமானங்களைப் பற்றிய நூல்களைத் தேடிப் படித்து வந்தபோது, இதே எண்ணத்தை உலகின் மறுகோடியிலே ஒரு திட்டமாக வகுத்துத் தம் தலைவன்முன் வைத்த ஒருவரைக் கண்டேன். அவர் ஒரு பெண்மணி. ஜேர்மனியின் சோதனை விமானியாக விளங்கிய ஹன்னா ரைட்ச் என்பவர்.

ஹன்னா 1912ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் சிலேசியா மாநிலத்து ஹிர்ஷ்பேர்க் நகரிற் பிறந்தார். அந்நகர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் கண் மருத்துவர். தாமும் மருத்துவம் பயின்று, ஆபிரிக்காவில் விமானமேறிச் சென்று நோய் தீர்க்கும் தொண்டராக வேண்டும் என்று இளமையில் அவர் விரும்பினார். மருத்துவக் கல்வியைத் தொடங்கினாரெனினும் அவர் மனம் வானத்திலேயே நின்றது. ஊருக்கு அணித்தாயிருந்த குறூனோ என்னுமிடத்திற் சறுக்கு விமானம் ஓட்டப் பழகினார். சறுக்கு விமானமாவது எந்திரம் இல்லாதது. மேலே இழுத்து விடப்பட்டபின், எழுகின்ற காற்றையே துணையாகக் கொண்டு பருந்துபோல மிதப்பது. முதலாம் உலகப் போரில் தோற்ற ஜேர்மனி போர் விமானப்படை வைத்திருத்தல் ஆகாதென வேர்சாய் உடன்படிக்கை விலக்கியிருந்தமையால், அந்நாட்டு இளைஞர் இவ்விமானங்களிற் பெரிதும் ஈடுபட்டிருந்த காலம் அது.

ஐந்தடி உயரமே உடைய இம்மங்கை 1934இல் டார்ம்ஸ்டாட் நகரத்துச் சறுக்கு விமான ஆராய்ச்சி நிலையத்திற் சோதனை விமானியாக அமர்ந்தார். சோதனை விமானியின் தொழிலை நாம் செவ்வையாக அறிதல் வேண்டும். புதிதாக அமைத்த பொறியை முதன்முதல் வானில் ஏற்றி, அதன் குற்றங்களைத் தம் உயிரைப் பணயம் வைத்துக் கண்டு, கண்டவற்றை ஒளிக்காது அமைப்பாளரிடம் உரைப்பதே அத்தொழில். குற்றத்தை மறைக்கும் விமானி அடுத்து ஏறுபவனைக் கொல்பவனாவான். இத்தொழிலில் ஹன்னா தலைசிறந்து நின்றார். 1937இல் அல்ப்ஸ் மலைத்தொடரைச் சறுக்கு விமானத்திற் கடந்தார். 1938 பெப்ரவரியில் பேர்லின் நகரத்துப் பேரரங்கொன்றினுள்ளே, கூரையின்கீழ், மக்கள் திரள் நோக்கியிருக்க ஹெலிகொப்டரை எழுப்பியும் நிறுத்தியும் பின்செலுத்தியும் காட்டினார். ஹெலிகொப்டரை ஓட்டிய முதற் பெண் அவரே.

போர் மூண்டதும் அவர் திறமை முழுதும் நாற்சி அரசின் பணிக்காயிற்று. ஆகாயக் கூண்டுகளிலிருந்து தொங்கும் இரும்புக் கம்பிகளை அறுக்கும் சிறகுடைய விமானத்தை அக்கம்பிகளின்மீதே மோதிச் சோதித்தார். இரும்புச் சிலுவைப் பதக்கம் பெற்றார். 1942 அக்டோபரில், மெஸர்ஸ்மித் 163 என்னும் ரொக்கெட் விமானத்தை எந்திரம் இயங்காத நிலையில் இழுவையிற் சோதித்தபோது, மேலெழுந்ததும் கழன்று விழவேண்டிய சில்லுத்தாங்கி கழலவில்லை. தரையில் மோதி மண்டையெலும்பு உடைந்து மூக்குச் சிதைந்தது. குருதி வழியும் அந்நிலையிலும் விபத்தின் காரணத்தைத் தாளில் வரைந்து குறித்து வைத்த பின்னரே அவர் அறிவு மயங்கினார். ஐந்து திங்கள் மருத்துவமனையிற் கிடந்து, மீண்டும் விமானம் ஏறினார்.

இத்தகையவர் 1944 பெப்ரவரி 28ஆம் நாள் ஹிட்லரைக் காணச் சென்றபோது ஒரு திட்டத்தை முன்வைத்தார். போர் கைநழுவுவதை உணர்ந்திருந்த அவர், தம் உயிரைத் தாமே ஈய முன்வரும் விமானிகளைக் கொண்டு பகைவரின் முதன்மையான இலக்குகளைத் தாக்கவேண்டும் என்றார். ஹிட்லருக்கு அதில் விருப்பம் மிகுதியாக இல்லை. எனினும் ஆயத்தஞ் செய்ய இசைந்தான். தேர்மொப்பிலைக் கணவாயில் மாண்ட கிரேக்க மன்னன் லியோனிடஸின் பெயர் சூட்டப்பெற்று ஓர் அணி திரண்டது. அவ்வணியின் உறுதிமொழியில் முதலிற் கையொப்பமிட்டவர்களுள் ஹன்னாவும் ஒருவர்.

இனி, அதற்குரிய விமானத்தைப் பற்றிச் சிறிது கூறுவேன். அக்காலத்து ஜேர்மனியர் ஒரு விமானத்தின் முதுகில் மற்றொன்றை ஏற்றிப் பறக்கவிடும் இணை விமானங்களை அமைத்து வந்தனர். கீழே வெடிமருந்து நிறைத்த ஆளில்லாப் பெரிய விமானம். மேலே விமானியோடு கூடிய சிறிய விமானம். இலக்கை அணுகியதும் மேலுள்ளவன் கீழுள்ளதைக் குறிபார்த்து விடுத்துத் தான் தப்பிவருவான். இதனை மரத்தின்மேல் ஒட்டி வாழும் புல்லுருவியின் பெயரால் மிஸ்டெல் என வழங்கினர். ஹன்னா சோதித்ததும் இவ்வினத்தோடு உறவுடையதே. மெஸர்ஸ்மித் 328 என்னும் சிறு விமானம் பெரும்பாலும் மரத்தால் மலிவாக அமைந்தது. அதனை டோர்னியர் 217 என்னும் குண்டு விமானத்தின் முதுகில் ஏற்றி, மூவாயிரம் முதல் ஆறாயிரம் மீற்றர் உயரத்திற் பிரித்து விடுவர். எந்திரம் இல்லாத நிலையில் அதனைத் தரையிறக்கி அதன் இயல்புகளை ஹன்னா அறிந்துரைத்தார். ஆனால் அதற்கெனக் குறித்த துடிப்புத் தாரை எந்திரங்களின் அதிர்வை அம்மரவுடல் தாங்கவில்லை. அது கைவிடப்பட்டது.

அதன் பின்னர் இலண்டன் மாநகரைத் தாக்கிய வீ-1 என்னும் பறக்கும் குண்டிலே விமானிக்கு இருக்கை அமைத்தனர். ரைகன்பேர்க் என்னும் பெயருடைய அதனை ஹைங்கெல் 111 விமானம் தன் சிறகின்கீழ்ச் சுமந்து சென்று வானில் விடுத்தது. முதலிற் சென்ற விமானிகள் இருவர் தரையிறக்குகையில் விபத்துற்றனர். பின்னர் ஹன்னாவும் வேறொருவரும் அப்பணியை ஏற்று, மிகு வேகத்தில் அதனை இறக்கும் முறையைக் கண்டனர். எனினும் போர்க்களத்தில் அது ஒருமுறையேனும் விடுக்கப்படவில்லை.

இவ்வளவும் படித்தபோது அவருடைய துணிவை வியந்தேன். ஆயின் அதே 1944இன் பிற்பகுதியில் நிகழ்ந்த ஒன்று அவ்வியப்பை நிறுத்திவிட்டது. ஸ்டொக்ஹோமிலிருந்து வந்த பழைய நண்பர் பீற்றர் ரீடெல், நச்சுவாயுக் கூடங்களில் மக்கள் கொல்லப்படும் செய்தி கொண்ட சிறு நூலொன்றை அவர்முன் இட்டார். ஹன்னா அதனை எடுத்துச் சென்று ஹிம்லரிடமே காட்டினார் என்பது அவர் தாமே பிற்காலத்திற் கூறியது. ஹிம்லர் மறுத்தான். அவர் அமைந்தார். கொலைக்கூடத்தை நடத்துபவனிடமே கொலை உண்டோ என வினவி, அவன் வாய்ச்சொல்லைச் சான்றாகக் கொண்டு திரும்பினார். விமான அமைப்பாளன் தன் பொறியிற் குற்றமில்லை என்றால் அச்சொல்லை ஏற்று ஏறாதிருத்தலும் ஏறிப் பார்த்தலும் அவர் தொழிலன்றோ? அத்தொழிலறிவு இங்கே துணைக்கு வரவில்லை.

1945 ஏப்ரல் 26ஆம் நாள் சோவியத் படை சூழ்ந்த பேர்லினுக்குள் அவர் புகுந்தார். விமானத்தை ஓட்டிய படைத்தலைவர் ஃபொன் கிறைமின் காலிற் குண்டு பாயவே, பின்னிருந்த ஹன்னா எட்டிக் கைபிடித்துத் தெருவில் இறக்கினார். நிலவறையில் ஹிட்லரோடு சில நாள் தங்கி, 28ஆம் நாள் நள்ளிரவையொட்டி எரியும் நகரிலிருந்து மீண்டும் பறந்து வெளியேறினார். சீவக சிந்தாமணி கற்றோர்க்கு இங்கே விசயை நினைவுக்கு வருவாள். கட்டியங்காரன் இராசமாபுரத்தைக் கவர்ந்த நாளில், முன்பே செலுத்தப் பழகிய மயிற்பொறியில் ஏறி அவள் நகர் நீங்கினாள். இருவரும் பொறி செலுத்தக் கற்ற மகளிர். இருவரும் வீழும் அரசைப் பின்விட்டுப் பறந்தவர். ஆனால் விசயை சுமந்து சென்றது பிறக்கவிருந்த ஒரு மகவை. ஹன்னா சுமந்து சென்றது ஹிட்லர் அளித்த நச்சுக் குப்பியையும் அவன் இறுதிக் கட்டளைகளையுமே.

போரின் முடிவு அவர் குடும்பத்தையும் அழித்தது. சோவியத் ஆட்சியின்கீழ் அனுப்பப்படுவோம் என்று அஞ்சிய தந்தையார், மனைவியையும் மற்றொரு மகளையும் பேரக் குழந்தைகளையும் கொன்று தாமும் மாண்டார். அமெரிக்கர் ஹன்னாவை ஓராண்டுக்கு மேலாகக் காவலில் வைத்து விடுத்தனர். பின்னர் அவர் சறுக்கு விமானத்திற்கே மீண்டார். 1959இல் இந்தியா சென்று அக்கலையைப் பரப்பத் துணைநின்றார். புதுதில்லி வானிலே நேருவையும் ஏற்றிப் பறந்தார். 1962 முதல் 1966 வரை கானா நாட்டிற் பயிற்சிப் பள்ளி நடத்தினார். 1979 ஆகஸ்ட் 24ஆம் நாள் பிராங்பேர்ட்டில் தம் 67ஆம் வயதில் மறைந்தார். அவர் நாற்சிக் கட்சியில் உறுப்பினராக இருந்தவரல்லர். ஆயினும் அவ்வரசு சூட்டிய பதக்கங்களைக் குறித்து இறுதிவரை நாணியவருமல்லர்.

அவர் வாழ்க்கையைத் தொடர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். பொறி எதுவாயினும் ஐயுற்றுச் சோதித்தவர், தாம் பணிந்த தலைமையை ஒருநாளும் அவ்வாறு சோதிக்கவில்லை. திருக்குறளிற் படைச்செருக்கு என்னும் அதிகாரத்துக்கு முன்னரே தெரிந்துதெளிதல் வைக்கப்பட்டிருக்கிறது. அரசன் ஏவலரை ஆராய்தற்கு உரைத்த அவ்வறம், ஏவலர் அரசனை ஆராய்தற்கும் ஒக்கும் என்பேன். மலையமானின் சிறுவரை யானைக் காலில் இடமுனைந்த கிள்ளிவளவனைக் கோவூர்கிழார் தடுத்தார். அப்புலவர் ஏந்திய படையொன்றும் இல்லை. தம்மைப் புரந்த வேந்தனின் குற்றத்தை அவன் முகத்துக்கு நேரே கண்டு கூறினார், அவ்வளவே. வீரக் கதைகளை மாணவர்க்கு ஓதும் நாம், வாளேந்தியவனோடு கோவூர்கிழாரையும் நிறுத்திக் காட்டுதல் கடன். உயிரை ஈதல் அரிதே. யாருக்காக ஈகிறோம் என்று முதலில் வினவுதல் அதனினும் அரிது.