விறகு விலை ஏறிடுச்சு... ஃபிராங்க்ளின் என்ன செஞ்சார் தெரியுமா?

100 டாலர் நோட்டில் இருக்கும் பெஞ்சமின் ஃபிராங்க்ளினை, இடிமின்னலில் பட்டம் விட்டவர்னுதான் நமக்குத் தெரியும். அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே அவர் மண்டையைக் குடைஞ்சது, விறகு விலை!

1706-ல் பாஸ்டனில் ஒரு மெழுகுவத்தி வியாபாரியின் மகனாகப் பிறந்தவர், 17 வயதில் வீட்டைவிட்டு ஓடி, பிலடெல்பியாவில் அச்சகக்காரர் ஆனார். அந்தப் பகுதியில் காடுகளை வெட்டித் தீர்த்ததால், சில ஊர்களுக்கு 100 மைல் தூரத்திலிருந்து விறகு வரவேண்டிய நிலை. அப்படி வாங்கி எரிச்சாலும், பாதிக்கு மேல சூடு புகைபோக்கி வழியா போயிடும். கணப்பு முன்னாடி உட்கார்ந்தா முகம் சுடும், முதுகு விறைக்கும்.

1742 வாக்கில் இரும்புத் தகடுகளால் ஒரு கணப்பு அடுப்பை வடிவமைச்சார். புகை நேரா மேலே போகாம, உள்ளே இருக்கும் காற்றுப்பெட்டியைச் சுத்தி இறங்கிப் போகும். பெட்டியில் சூடான காற்று அறைக்குள் வரும். குறைஞ்ச விறகு, கூடுதல் கதகதப்பு! கவர்னர் பேட்டன்ட் தர்றேன்னார். ஊருக்குப் பயன்படட்டும்னு ஃபிராங்க்ளின் மறுத்துட்டார். லண்டன் வியாபாரி ஒருவர் அதையே லேசா மாத்தி, பேட்டன்ட் வாங்கி காசு பார்த்தார். அப்பவும் இவர் சண்டைக்குப் போகலை.

உண்மையைச் சொன்னா, அந்த அடுப்பு அவ்வளவு சரியா வேலை செய்யலை. கீழே இறங்கும் புகை குளிர்ந்தா, அறைக்கே திரும்பிடும். பின்னாடி வந்தவங்க மாத்தி அமைச்சதுதான் பரவலாச்சு. பேர் மட்டும் அவரோடது.

1785-ல், 79 வயசுல, பிரான்ஸிலிருந்து கப்பலில் ஊர் திரும்பும்போதும் புகைபோக்கிகளைச் சரிசெய்யறது பத்தித்தான் எழுதிக்கிட்டிருந்தார் மனுஷன்!