போர்வானில் ஓர் ஒளிப்பதிவுக் கருவி

நுழையும்முன்

போர்க்காலத் திரைச்சுருள்கள் என்றாலே குண்டுவீச்சும் தீப்பிழம்புமே நினைவுக்கு வரும். ஆயினும், விமானத் தளத்தில் வீரர்கள் காத்திருந்ததையும் கடலில் நீராடியதையும் கூடாரத்தருகே இளைப்பாறியதையும் பதிவுசெய்து வைத்தார் ஒருவர். அப்பணியில் தம் செவிப்புலனையே இழந்த திரைப்பட இயக்குநர் வில்லியம் வைலரின் வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

எல்லைப்புற நகரின் மகன்

வைலர் 1902ஆம் ஆண்டு சூலை முதல் நாள், அல்சேஸ் பகுதியிலுள்ள முலூஸ் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அன்று அந்நகர் செருமனியின் ஆட்சியில் இருந்தது. முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையும் செருமானியப் படையும் மாறிமாறி அதனைக் கைப்பற்றின. ஆட்சி மாறுந்தோறும் கொடியும் மாறியதைக் கண்டு வளர்ந்த சிறுவருக்குப் போர் என்பது நூலில் படித்தறிந்த செய்தியன்று.

ஆலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனத் தலைவர் கார்ல் லேம்லி, வைலரின் தாய்க்கு உறவினர். அவ்வுறவைப் பற்றிக்கொண்டு அமெரிக்கா சென்ற இளைஞர், எடுபிடி வேலையில் தொடங்கிப் படிப்படியாக இயக்குநராக உயர்ந்தார். ஒரே காட்சியை நாற்பது முறை வரை எடுக்கவைப்பார் என்று நடிகர்கள் அவரைக் கண்டு அஞ்சினர். குறை எதுவென்று விளக்காமல் மீண்டும் நடிக்கச் சொல்வது அவர் வழக்கம். இது பிடிவாதம் என்பாரும் உளர். அவர் படங்களைப் பார்த்தோர் அவ்வாறு சொல்லத் தயங்குவர்.

மறுமுறை இல்லாத படப்பிடிப்பு

1942இல் வைலர் அமெரிக்க வான்படையில் மேஜராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. இல்லத்தில் மனைவியும் குழந்தைகளும் இருந்தனர். கட்டாயப்படுத்தி எவரும் அவரை அழைக்கவில்லை. இங்கிலாந்தில் பாசிங்போர்ன் என்னும் தளத்திலிருந்து புறப்படும் பி-17 குண்டுவீச்சு விமானங்களைப் படமாக்குவதே அவர் ஏற்ற பணி. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் விருது, ‘மிசஸ் மினிவர்’ படத்திற்காக 1943 மார்ச்சில் அறிவிக்கப்பட்டபோது அவர் இங்கிலாந்தில் இருந்தார். விருதை மனைவி பெற்றுக்கொண்டார்.

அவ்விமானங்களில் காற்றழுத்தம் காக்கும் அறைகள் இல்லை. ஏறத்தாழ 25,000 அடி உயரத்தில் உயிர்வளிக் குழாயின்றி மூச்சுவிட இயலாது. பக்கவாட்டுத் துப்பாக்கிகளுக்காகத் திறந்திருந்த சாளரங்கள் வழியே, சுழியத்துக்குக் கீழ் 40 பாகைக் குளிர்காற்று வீசும். கருவியின் உறுப்புகள் உறைந்துபோகும். கையுறையைக் கழற்றினால் விரல்கள் விறைக்கும். எனவே, கையில் ஏந்தத்தக்க 16 மில்லிமீட்டர் கருவியே துணையாயிற்று. நாற்பது முறை எடுத்துப் பழகியவருக்கு இங்கு ஒருமுறைதான் வாய்த்தது. அவர் குழுவைச் சேர்ந்த ஹெரால்டு டானன்பாம் 1943 ஏப்ரலில் பிரான்சின் மீது பறந்தபோது விமானத்தோடு வீழ்ந்து மாண்டார். அதன் பின்னரும் வைலர் பறப்பதை நிறுத்தவில்லை. வீழ்ந்து பகைவரிடம் அகப்பட்டால், யூதராகிய அவர் நிலை என்னவாகும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

1944இல் வெளிவந்த ‘மெம்பிஸ் பெல்’ படம் வானில் மட்டும் நிகழ்வதன்று. தரைப்பணியாளர் விண்ணை நோக்கிக் காத்திருப்பதும், திரும்பிவரும் விமானங்களை எண்ணுவதும், காயமுற்றோர் இறக்கப்படுவதும் அதில் உண்டு. போர் வானில் நடந்தாலும் அதன் கணக்கு தரையில்தான் தீர்க்கப்பட்டது என்பதை அவர் கண்டுகொண்டார்.

கோர்சிகாத் தீவில்

அடுத்து அவர் சென்றது கோர்சிகாத் தீவின் கிழக்குக் கரையிலுள்ள ஆல்டோ தளம். பி-47 தண்டர்போல்ட் என்னும் போர் விமானங்கள் அங்கு நிறுத்தப்பட்டிருந்தன. (அவை சுழலியால் பறப்பவை, தாரை விமானங்கள் அப்போதுதான் போர்க்களத்தில் தலைகாட்டத் தொடங்கியிருந்தன.) இத்தாலியின் நடுப்பகுதியில் நிலைகொண்டிருந்த செருமானியருக்கு உணவும் வெடிபொருளும் வடக்கிலிருந்தே வந்தாக வேண்டும். மேற்குக் கடலிலுள்ள கோர்சிகாவிலிருந்து பறந்தால் அப்படையின் முதுகுப்புறத்தை எட்டலாம். பாலங்களையும் தொடர்வண்டிப் பாதைகளையும் தகர்த்து அவ்வழியை அடைப்பதே 1944ஆம் ஆண்டுத் திட்டம்.

ஆனால், தண்டர்போல்ட்டில் இருக்கை ஒன்றே. ஒளிப்பதிவாளர் ஏற இடமில்லை. வைலர் குழுவினர் விமானியின் பின்புறத்திலும் இறக்கையிலும் சக்கரக் குழியிலும் கருவிகளைப் பொருத்தினர். பறப்பவரே விசையை அழுத்த, கருவி தானே படம்பிடித்தது. இவ்வாறு வான்காட்சிகள் விமானியின் கைக்குச் சென்றமையால், தரைக்காட்சிகளில் வைலர் மனம் தோய்ந்தது போலும். காலையில் பறந்து பாலம் தகர்த்த இளைஞன், பிற்பகலில் கடலில் நீந்துகிறான், வெயிலில் படுத்திருக்கிறான். அடுத்த நாள் அவன் திரும்புவானா என்பது எவருக்கும் தெரியாது. அச்சம் முகத்தில் தெரிவதில்லை, சலிப்புதான் தெரிகிறது. வண்ணத்தில் பதிவான அக்காட்சிகள் குண்டுவீச்சைக் காட்டிலும் நெடுநேரம் நெஞ்சில் நிற்பவை.

1945 ஏப்ரலில், படத்திற்கு மேலும் சில வான்காட்சிகள் தேவைப்பட்டன. வைலர் பி-25 விமானத்தில் ஏறி இத்தாலியின் மீது பறந்தார். பொறிகளின் பேரிரைச்சல் இடைவிடாது செவியைத் தாக்கியது. தரையிறங்கியபோது அவருக்கு எதுவும் கேட்கவில்லை. ஒரு செவியின் கேள்வி முற்றாக அழிந்தது; மற்றொன்றில் ஓரளவே மீண்டது. உரையாடலைக் கேட்டுத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவருக்கு இதனினும் பெரிய இழப்பு வேறு உண்டோ? அத்துணை விலைகொடுத்து எடுத்த ‘தண்டர்போல்ட்’ பொதுமக்கள் பார்வைக்கு வந்ததோ 1947இல். போர் முடிந்திருந்தது, மக்களும் அதனை மறக்க விரும்பினர். படம் போதிய கவனம் பெறவில்லை.

மீண்டும் திரையுலகில்

ஒலிபெருக்கியோடு இணைத்த கேட்பிகளைச் செவிகளில் பொருத்திக்கொண்டு, கருவிக்கு அருகில் அமர்ந்து வைலர் மீண்டும் இயக்கத் தொடங்கினார். போரிலிருந்து வீடு திரும்பும் மூவரைப் பற்றிய ‘த பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 1946இல் வெளிவந்தது. படைப்பணியில் இரு கைகளையும் இழந்த ஹெரால்டு ரசல் அதில் நடித்து இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்றார். அப்படத்தில், வேலை கிட்டாத முன்னாள் விமானப்படை வீரர் ஒருவர், உடைப்பதற்காக வரிசையாக நிறுத்தப்பட்டுள்ள பழைய பி-17 ஒன்றினுள் ஏறித் தம் பழைய இடத்தில் அமர்கிறார். பொறிகளற்ற விமானம் அது. பாசிங்போர்னில் பறந்திராத ஒருவர் அக்காட்சியை அவ்வாறு எடுத்திருக்க இயலுமா என்பது ஐயமே.

பதினொரு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற ‘பென்-ஹர்’ 1959இல் வெளிவந்தது. வைலர் 1981 சூலை 27ஆம் நாள் மறைந்தார். ‘மெம்பிஸ் பெல்’ படத்திற்காக எடுத்துப் பயன்படுத்தாமல் விட்ட வண்ணச் சுருள்கள் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடும் அவற்றைச் செப்பனிட்டு, ‘த கோல்ட் புளூ’ என்னும் ஆவணப்படத்தை 2018இல் உருவாக்கினர். உயிரோடு எஞ்சியிருந்த முதிய விமானப்படை வீரர் சிலரின் குரல்கள் அப்படத்தில் ஒலிக்கின்றன.