பெயரற்றவர்களின் பாவலர்

வுடி கத்ரி என்னும் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது இசையரங்கில் அன்று; மரபியல் வகுப்பில். ஹண்டிங்டன் நோயைப் பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியர், அந்நோயால் மாண்டவர்களுள் அமெரிக்கப் பாடகர் ஒருவரும் உண்டு என்று அவர் பெயரைச் சொல்லிவிட்டு, அடுத்த படத்திற்குப் போய்விட்டார். அந்த ஒரு வரி என்னை விடவில்லை. ஒரு நோயின் பெயரோடு ஒட்டிக்கொண்டு மட்டும் ஒரு மனிதர் நம் குறிப்பேட்டில் கிடப்பது முறையா என்று தோன்றிற்று. நூலகத்தில் தேடினேன், பாடல்களைக் கேட்டேன். நோயாளியாக அறிமுகமானவர், காலம் கெட்டுக் கிடந்தபோது அஞ்சாமல் வாய் திறந்த பாவலராக என்முன் வந்து நின்றார். அவர் வரலாற்றை நம் மலரின் வாசகர்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1912-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள், ஓக்லஹோமா மாநிலத்தில் ஓகீமா என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். அவ்வாண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற வுட்ரோ வில்சனின் பெயரையே தந்தை சார்லி தம் மகனுக்கு இட்டார். சார்லி நிலம் வாங்கி விற்பவர்; உள்ளூர் அரசியலிலும் கை உள்ளவர். குறைவில்லாமல் வாழ்ந்த குடும்பத்தைத் துன்பம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தாக்கியது. 1919-இல் அக்காள் கிளாரா உடையில் தீப்பற்றி இறந்தாள். தந்தையின் தொழில் நொடித்தது. தாய் நோரா மெல்ல மெல்லத் தம் நிலை மறந்தார். கைகால்கள் அவர் சொற்படி கேட்கவில்லை. ஊரார் அதைப் பித்து என்றனர். 1927-இல் தந்தையும் தீக்காயம் பட்டார். அதே ஆண்டில் தாய் மனநோய் மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, 1930-இல் அங்கேயே மறைந்தார். அது பித்தன்று, ஹண்டிங்டன் நோய் என்பது பின்னரே தெரிந்தது.

அந்த ஊரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வுடி பிறப்பதற்கு முந்திய ஆண்டில், ஊருக்கு அருகே ஒரு கறுப்பினத் தாயையும் அவள் மகனையும் வெறிக்கும்பல் ஒன்று ஆற்றுப்பாலத்தில் தூக்கிலிட்டது. அந்தக் காட்சி படம் பிடிக்கப்பட்டு அஞ்சலட்டையாகவும் விற்கப்பட்டது. நிறவெறி அவ்வூரின் காற்றிலேயே கலந்திருந்தது. அந்தக் காற்றை மூச்சிழுத்து வளர்ந்தவர்தாம் வுடி. இதை மறவாமல் மேலே படித்தால்தான் அவர் எவ்வளவு தூரம் நடந்தார் என்பது விளங்கும்.

1929-இல் அவர் டெக்சாஸ் மாநிலத்துப் பாம்பா நகருக்குப் போனார். விளம்பரப் பலகை எழுதினார், கிதார் வாசித்தார், 1933-இல் மணம் புரிந்துகொண்டார். அந்நாள்களில் அமெரிக்கச் சமவெளி ஒரு பெரும் தவற்றுக்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் கோதுமை விலை ஏறியபோது, மண்ணைப் பிடித்து வைத்திருந்த இயற்கைப் புல்லையெல்லாம் உழுது புரட்டிவிட்டார்கள். 1930-களில் மழை பொய்த்தது. பிடிப்பற்ற மண் காற்றோடு கிளம்பிற்று. 1935 ஏப்ரல் 14-ஆம் நாள் வந்த புழுதிப்புயல் பட்டப்பகலை இருளாக்கியது. உலகம் முடிந்துவிட்டது என்றே பலர் எண்ணினர். வுடி அதைப் பாட்டாக்கினார்.

நிலம் போனபின் மக்கள் மேற்கே கலிபோர்னியாவை நோக்கி மூட்டை கட்டினார்கள். அங்கே அவர்களுக்கு வரவேற்பு இல்லை. 1936-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் காவல்துறை மாநில எல்லைக்கே ஆள் அனுப்பி, கையில் காசில்லாதவர்களைத் திருப்பி விரட்டியது. எங்கிருந்து வந்தவராயினும் அனைவருக்கும் ஓக்கி என்று ஒரே இளக்காரப் பெயர். தமிழரையும் மலையாளியையும் தெலுங்கரையும் ஒன்றாக்கி மதராசி என்று அழைக்கும் தெருக்களில் வளர்ந்தவன் நான். அந்த ஒரு சொல்லின் கூர்மையை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1937-இல் வுடி லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலி நிலையம் ஒன்றில் பாடத் தொடங்கினார். கன்ட்ரி என்று அந்நாட்டார் அழைக்கும் பட்டிக்காட்டு இசைதான். ஊரை விட்டு வந்த ஏழைகள் அதைத் தம் வீட்டுக் குரலாகக் கேட்டார்கள். அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சி என் நெஞ்சில் நிற்கிறது. ஒருநாள் அவர் கறுப்பினத்தவரை இழிக்கும் சொல் கொண்ட பழம்பாட்டு ஒன்றை ஒலிபரப்பில் எடுத்தார். அதைக் கேட்ட கறுப்பினக் கல்லூரி மாணவர் ஒருவர், தம் மனம் புண்பட்டதென்று கடிதம் எழுதினார். வுடி அக்கடிதத்தை ஒலிபரப்பிலேயே படித்தார், மன்னிப்புக் கேட்டார், அத்தகைய பாட்டுகளைக் கைவிட்டார். பிற்காலத்தில், தம் ஊர்ப் பாலத்தில் நடந்த அந்தக் கொலையைப் பற்றியே பாடல்கள் எழுதினார். அவருடைய அரசியல் கல்வியில் ஒரு மாணவரின் கடிதத்துக்கும் பங்கு உண்டு என்பது நம் போன்ற மாணவர்கள் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1940-இல் நியூயார்க் சென்றார். வழியெல்லாம் அவர் காதில் விழுந்தது, அமெரிக்காவை இறைவன் வாழ்த்தட்டும் என்று இர்விங் பெர்லின் எழுதிய பாட்டு. பசித்தவர் வரிசையில் நிற்கும் நாட்டில் அந்த மனநிறைவு அவருக்கு எரிச்சல் மூட்டியது. பிப்ரவரி 23-ஆம் நாள், ஒரு மலிவான ஓட்டல் அறையில் விடைப்பாட்டு எழுதினார். அதுவே திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவரும் இப்பாட்டில், தனியார் நிலத்து வேலியைக் கேள்வி கேட்கும் அடிகளும், உதவிக்காகக் காத்து நிற்கும் பசித்த மக்களைக் காட்டும் அடிகளும் இருந்தன. பள்ளிப் புத்தகங்கள் இனிப்பை வைத்துக்கொண்டு காரத்தை விட்டுவிட்டன.

அதே ஆண்டில் புழுதிக் காலப் பாடல்கள் இசைத்தட்டாக வந்தன. 1941-இல் கொலம்பியா ஆற்று அணைகளின் மின்சாரத்தை விற்கும் அரசு நிறுவனம் அவரை ஒரு மாதம் வேலைக்கு வைத்தது. 266 டாலர் 66 சென்ட் சம்பளத்துக்கு 26 பாடல்கள் எழுதினார். அந்த அணைகள் செவ்விந்தியரின் மீன்பிடித் துறைகளை அழித்தன என்பதை இன்று நாம் அறிவோம். வுடியின் பாட்டில் அந்தப் பெயரற்றவர்கள் இடம் பெறவில்லை. எல்லாரையும் காணும் கண் எவருக்கும் இல்லை போலும்.

வேறு குறைகளும் உண்டு, மறைப்பது வரலாறாகாது. கம்யூனிஸ்டுப் பத்திரிகையில் அவர் பத்தி எழுதி வந்தார். 1939-இல் ஜெர்மனியும் சோவியத் நாடும் ஒப்பந்தம் செய்துகொண்டபோது அதை ஆதரித்து நின்றவர், 1941-இல் ஹிட்லர் ரஷ்யாவுக்குள் புகுந்ததும் போரை ஆதரித்தார். ஆனால், ஆதரித்த போரில் தாமே இறங்கவும் செய்தார். கிதாரின்மேல் பாசிசத்தைக் கொல்லும் எந்திரம் என்னும் பொருள்பட எழுதிக்கொண்டு வணிகக் கப்பலில் ஏறினார். அவர் கப்பல் டார்ப்பிடோ தாக்குதலுக்கும் தப்பிற்று. ஊர் ஊராகத் திரிந்தவர், மனைவி மக்களைப் பல நாள் தனியே தவிக்க விட்டார் என்பதும் உண்மை. முதல் திருமணம் முறிந்தது. 1945-இல் நடனக் கலைஞர் மார்ஜோரியை மணந்தார். அவர்களுடைய நான்கு வயது மகளையும் 1947-இல் நெருப்பே கொண்டு போயிற்று.

அவர் எழுதியவற்றுள் என்னை மிகவும் உலுக்கியது 1948-இல் பிறந்தது. அவ்வாண்டு ஜனவரி 28-ஆம் நாள், மெக்சிகோ நாட்டுப் பண்ணைத் தொழிலாளர்களைத் திருப்பி அனுப்பச் சென்ற விமானம் கலிபோர்னியாவின் லாஸ் கேட்டோஸ் பள்ளத்தாக்கில் விழுந்தது. 32 பேர் மாண்டனர். வுடி அறிந்த செய்தியில் விமானத்தைச் செலுத்தியவர்கள், பணிப்பெண், காவலர் ஆகிய நால்வரின் பெயர்களே இருந்தன. மற்ற 28 பேரும் நாடு கடத்தப்பட்டவர்கள் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டனர். பழம் பறிக்க வேண்டியிருந்த கைகளுக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை! வுடி பாட்டெழுதி, தாமே சில பெயர்களைச் சூட்டி, நண்பருக்கு விடை கொடுப்பதுபோல் அவர்களுக்கு விடை கொடுத்தார். அந்த 28 பேரும் பிரெஸ்னோ நகரில் ஒரே குழியில் கிடந்தனர். 2013-இல் அங்கே புதிய கல் நாட்டப்பட்டது. அதில் இறந்தோர் பெயர்கள் அனைத்தும் பொறிக்கப்பட்டன. மறந்தவர்களுக்கு 65 ஆண்டுகளாக நினைவூட்டிக்கொண்டிருந்தது அந்தப் பாட்டு.

அதற்குப்பின் தாயின் நோய் மகனைத் தேடி வந்தது. நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது. குடி என்றனர். 1952-இல்தான் ஹண்டிங்டன் நோய் என்று தெரிந்தது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டுவது போன்ற கொடுமை. கிதாரைப் பிடித்த விரல்கள் பிடி இழந்தன. பின்னர்ப் பேச்சும் போயிற்று. 1961-இல் பாப் டிலன் என்னும் 19 வயது இளைஞர் தேடி வந்து, அவர் பாடல்களை அவருக்கே பாடிக் காட்டினார். 1967 அக்டோபர் 3-ஆம் நாள், 55-ஆம் வயதில் வுடி மறைந்தார். முதல் மனைவியின் பெண்கள் இருவரும் 41-ஆம் வயதில் அதே நோய்க்கு இரையாயினர்.

மார்ஜோரி அழுதுகொண்டு உட்கார்ந்துவிடவில்லை. 1967-இலேயே இந்நோயை எதிர்க்க ஒரு சங்கம் தொடங்கி, சிதறிக் கிடந்த குடும்பங்களைச் சேர்த்தார்; விஞ்ஞானிகளையும் அரசையும் தட்டி எழுப்பினார். 1983-இல் நோய்க்கூறு நான்காம் குரோமோசோமில் இருப்பது தெரிந்தது. 1993-இல் அந்த மரபணுவே கண்டுபிடிக்கப்பட்டது. மூன்றெழுத்துத் தொடர் ஒன்று அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருவதே கேடு. பித்து என்று ஊர் தள்ளிவைத்த துன்பத்துக்கு விஞ்ஞானம் சரியான பெயரைக் கண்டது. முற்றாகத் தீர்க்கும் மருந்தை இன்னும் காணவில்லை.

வுடி விதைத்தது பின்னர்க் கன்ட்ரியும் ராக்கும் கலந்த இசையாகவும் வளர்ந்தது. 2009 ஜனவரியில், ஒபாமா பதவியேற்பையொட்டி லிங்கன் நினைவகத்தின் முன் நடந்த விழாவில், வுடியின் பழைய தோழர் பீட் சீகரும் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் சேர்ந்து அந்தப் பாட்டைப் பாடினார்கள். புத்தகங்கள் விட்டுவிட்ட அடிகளையும் விடாமல் பாடினார்கள்.

என் குறிப்பேட்டில் ஹண்டிங்டன் பாடத்தின் ஓரத்தில் இப்போது சில பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன்: வுடி, அவர் தாய் நோரா, மார்ஜோரி. தேர்வுக்கு அவை வேண்டியதில்லை. ஆயினும் புள்ளிவிவரத்துக்குப் பின்னால் ஆள் இருக்கிறார் என்பதை நான் மறவாதிருக்க அவை வேண்டும்.