விலக்குண்ட ஸ்பினோசா

ஒருவன் தன் அறிவுக்கு உண்மையெனத் தோன்றியதனைத் தன் சுற்றத்தார் முன்னிலையிற் கூறலாமோ, அன்றி வாய்பொத்தி ஊரார்க்கு இசைய நடத்தல் வேண்டுமோ என்னும் வினா எந்நாட்டினும் எக்காலத்தினும் எழுவதொன்று. வண்ணானையும் நாவிதனையும் விலக்கி, நெருப்பும் நீரும் மறுத்து ஒருவனை ஊரினின்று ஒதுக்குதல் நம் நாட்டிலும் நெடுங்காலம் நிகழ்ந்ததாகலின், அதன் கொடுமை நம்மவர் அறியாததன்று. அவ்வினா ஒல்லாந்து தேயத்தில் யூத குலத்துப் பிறந்த தத்துவ ஞானியாகிய ஸ்பினோசா என்பவர் வாழ்க்கையில் எவ்வாறு வந்து நின்றதென்பதனை ஈண்டு எழுதப் புகுந்தாம்.

முதற்கண் அவர் குலத்தார் பட்ட பாட்டைச் சிறிது கூறுதல் இன்றியமையாதது. ஸ்பெயின் தேயத்து அரசர் 1492ஆம் ஆண்டில் யூதரைத் தம் நாட்டினின்றும் துரத்தினர். அவருட் பலர் போர்த்துகலிற் புகுந்தனராக, அந்நாட்டு மன்னன் 1497இல் அவர்க்கு வலிந்து ஞானஸ்நானஞ் செய்வித்தான். அங்ஙனம் கிறிஸ்தவராக்கப்பட்டவர் பல தலைமுறைகாறும் புறத்தே ஒன்றும் அகத்தே ஒன்றுமாக வாழ்ந்தனர். சமய விசாரணை மன்றத்தார் அவர்தம் அடுக்களையையும் விட்டிலர். சனிக்கிழமையிற் புதிய ஆடை உடுத்ததும், பன்றியூனை உண்ணாதொழிந்ததும் குற்றத்திற்குச் சான்றாயின. அவ்விடுக்கணுக்குத் தப்பியவருட் சிலரே ஆம்ஸ்டர்டாம் நகரத்தை அடைந்து, பாட்டனார் காலத்து மறந்த சமய ஒழுக்கத்தை மீண்டும் எழுத்துக்கூட்டிக் கற்றாரைப்போலக் கற்றனர்.

ஒல்லாந்தரோ சமயங் காரணமாக ஒருவரையுந் துன்புறுத்தலாகாதென 1579ஆம் ஆண்டிலேயே உத்ரெக்ட் நகரில் உடன்படிக்கை செய்துகொண்டவர். எனினும் யூதர் கிறிஸ்து சமயத்தை இகழ்தல் கூடாதென ஆம்ஸ்டர்டாம் நகரமன்றத்தார் 1616இற் கட்டளையிட்டிருந்தனர். ஆகலின் வந்தேறிய அம்மக்கள் நெஞ்சில் அச்சம் முழுதும் அகன்றிலது. தம்முள் ஒருவன் தகாதன பேசின் அப்பழி குலமுழுவதற்கும் வந்து சேருமென்றும், பெற்ற நிழலும் போமென்றும் அவர் அஞ்சினர். 1639இல் மூன்று சபைகளும் ஒன்றாயின. செல்வரும் வணிகருமாகிய தலைவர் சிலர் கையில் ஒருவனை விலக்கும் அதிகாரம் இருந்தது.

அவ்வதிகாரம் எத்தன்மையதென்பது ஊரியல் தா கோஸ்தா என்பவரிடத்திற் புலப்பட்டது. அவர் பிறந்த ஊர் போர்த்துகலிலுள்ள போர்த்தோ. யூத சமயத்தை நாடி அங்குநின்று வந்தவர், வந்தபின் அச்சமயத்தார் வழக்கங்களை வினாவத் தொடங்கினார், விலக்குண்டார், தனிமை பொறுக்கலாற்றாது தம் கருத்தை மறுத்துச் சபையிற் சேர்ந்தார், மீண்டும் விலக்குண்டார். 1640இல் மறுபடியுஞ் சேர வந்தபோது, சபை நடுவே 39 சவுக்கடி பெற்று வாயிற்படியிற் கிடக்க, அனைவரும் அவரைத் தாண்டிச் சென்றனர். சின்னாளில் அவர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அப்பொழுது ஸ்பினோசாவுக்கு வயது ஏழு. அச்செய்தி அவ்வூர்ச் சிறுவர் செவிக்கு எட்டாதிருந்திராது.

ஸ்பினோசா 1632ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 24ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் பழவகைகளை வருவித்து விற்கும் வணிகர். ஆறாம் வயதில் தாயை இழந்தார். சபைப் பள்ளியில் எபிரேய மொழியும் வேதமும் ஓதினார். 1654இல் தந்தையார் இறந்தபின் தம்பியோடு கடையை நடத்தினார். வான் டென் எண்டன் என்னும் ஆசிரியரிடம் இலத்தீன் கற்றுப் புதிய தத்துவ நூல்களிற் புகுந்தார். வேதம் இறைவன் வாக்கென்பது குறித்தும் உயிரின் அழியாமை குறித்தும் அவர் கூறியன சபையார் செவிக்கு ஏறின. தலைவர் முதலில் நயந்து சொல்லினர். உள்ளக் கருத்து யாதாயினும் ஆகுக, புறத்தே சபைக்கு வந்துபோனாற் போதும், ஆண்டுதோறும் ஆயிரம் பொன் தருவோம் என்றும் கூறினரெனப் பழைய சரிதக்காரர் எழுதுவர். அஃது உண்மையாயின், புறவொழுக்கம் ஒன்றையே வேண்டிய விசாரணை மன்றத்தாரிடமிருந்து ஓடிவந்தவர் வழியினரே அதனை விலைகொடுத்து வாங்க முற்பட்டனராவர். தீமை செய்தலை விரும்பி அவர் அங்ஙனஞ் செய்தாரென்று யாங்கொள்ளேம். அச்சமே செய்வித்தது.

ஸ்பினோசா இசைந்திலர். 1656ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27ஆம் நாள் அவர்மீது விலக்குத் தீர்ப்பு சபையில் வாசிக்கப்பட்டது. அவரோடு வாயாலும் எழுத்தாலும் ஒருவரும் அளவளாவலாகாது, உதவி புரிதலாகாது, ஒரு கூரையின்கீழ் உடனுறைதலாகாது, நான்கு முழத்திற்குள் அணுகலாகாது, அவர் எழுதியதொன்றனையும் படித்தலாகாது என்பன அதன் விதிகள். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்துமூன்று. அக்காலத்து விலக்குண்டார் பலர். பெரும்பான்மையோர் பிழைபொறுக்க வேண்டி மீண்டனர். அவரோடு பழகிய பிராதோ என்னும் மருத்துவர் சபைமுன் தம் கருத்தை மறுத்து ஓதினார். ஓதியும் பின்னர் விலக்கப்பட்டார். ஸ்பினோசா மீளவும் வேண்டிற்றிலர், மறுத்து ஓதவும் இல்லை. அத்தீர்ப்பை நீக்கலாமா என்று 2015ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமிற் கூடி ஆராய்ந்தனர், நீக்கினாரில்லை.

அதன்பின் அவர் செய்தனவே எம்மால் மிக மதிக்கற்பாலன. ஒரு கூட்டத்தால் தள்ளப்பட்டவன் அதற்குப் பகையாகிய மற்றொரு கூட்டத்திற் சென்று சேர்தல் உலகியல்பு. அவர் கிறிஸ்தவரானாரல்லர், அவர்க்கு நண்பராயினார் கிறிஸ்தவருட் பலர் என்பதும் அறியத்தக்கது. தம்மைத் தள்ளினாரை வைதுகொண்டு திரியவுமில்லை. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்து மெருகிடுந் தொழிலைக் கைக்கொண்டு ரைன்ஸ்புர்க், வூர்புர்க் என்னும் சிற்றூர்களில் வாடகை அறையில் வாழ்ந்தார். அவர் வில்லைகளின் நேர்த்தியை வானநூல் வல்ல ஹைகன்ஸ் மதித்தார். நண்பர் தெ விரீஸ் கொடுத்த பெரும்பொருளை ஏலாது, ஆண்டுக்கு 500 பொன் என்று பின்னர் அமைந்ததனையும் 300ஆகக் குறைப்பித்தாரென்ப. தந்தையார் சொத்தைப்பற்றித் தமக்கையார் வழக்காட, நீதிமன்றத்தில் வென்றபின் கட்டில் ஒன்றனை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அவர்க்கே விடுத்தாரெனவும் கூறுவர்.

கடவுளையும் உலகையும் ஒரே பொருளாகக் காணும் அவர் கொள்கை, பதி பசு பாசம் என முப்பொருளையும் அநாதியெனக் கொள்ளும் நமக்கு உடன்பாடன்று. அதனைப் பிறிதொருகால் ஆராய்வாம். ஈண்டு நமக்கு வேண்டுவது அவர் ஒழுக்கம்.

1670இல் ஒரு நூலைத் தம் பெயரின்றி வெளியிட்டார். அச்சிட்ட ஊரும் ஹாம்பர்க் எனப் பொய்யாகவே குறிக்கப்பட்டது. எண்ணுதற்கும் பேசுதற்கும் மக்கட்குரிய உரிமையை அரசு காத்தல் வேண்டுமென்பது அதன் சாரம். பெயரை மறைத்தது கோழைமையன்றோ எனச் சிலர் வினாவலாம். அவர் நண்பர் கூர்பாக் என்பார் ஒல்லாந்து மொழியில் யாவரும் அறிய எழுதியமையால் 1668இற் பத்தாண்டுச் சிறைத்தண்டம் பெற்று, மறு ஆண்டே மாண்டார். ஆதலின் ஸ்பினோசா தம் நூலை அத்தாய்மொழியிற் பெயர்த்து வெளியிடாதவாறு நண்பரைக் கொண்டு தடுத்தார். கருத்தை விற்றிலர், காலத்தை நோக்கினார். இரண்டற்கும் வேறுபாடு பெரிது. அந்நூலும் 1674இல் அரசாணையாற் றடுக்கப்பட்டது.

1672இல் ஹேக் நகரத்து மக்கள் வெறிகொண்டு தெ விட் சகோதரரைத் தெருவிற் கிழித்துக் கொன்றபோது, எச்சரிக்கையே உருவான இவர் அக்கொடியோரைக் கண்டித்து எழுதிய பலகையை அவ்விடத்தே நாட்டப் புறப்பட்டார். வீட்டுக்காரர் கதவைப் பூட்டித் தடுத்திலரேல் அன்றே இவர் முடிவும் நேர்ந்திருக்கும். மறு ஆண்டில் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்து ஆசிரியப்பதவி வந்தது. நிலைபெற்ற சமயத்தைக் குலைக்கலாகாதென்னும் ஒரு குறிப்பு அழைப்பிலிருந்தது. அதன் எல்லை யாண்டுளதென்று தமக்குத் தெரியவில்லையென விடுத்து, பதவியை ஏற்றிலர். தாம் ஊரார்வழி நில்லாவிடினும் பிறரைத் தம்வழி இழுத்தாரல்லர். தமது சமயத்தால் உய்யலாமோ என வீட்டு அம்மையார் வினாவியபோது, அச்சமயம் நன்றே, அமைதியும் பத்தியும் உடையராய் வாழின் வேறொன்று தேடவேண்டாவென்றார்.

நுரையீரல் நோயால் 1677ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் நாற்பத்துநான்காம் வயதில் ஹேக் நகரில் இறந்தார். தம் பெருநூலை 1675இல் அச்சிட எண்ணியும், நாத்திக நூலென்னும் அலர் எழுந்தமையால் நிறுத்தி வைத்திருந்தார். கையெழுத்துப் படிகள் அடங்கிய எழுதுமேசை அவர் சொல்லியிருந்தவாறே ஆம்ஸ்டர்டாம் நகரிலிருந்த அச்சுக்காரர்க்கு அனுப்பப்பட்டது; அவ்வாண்டிறுதியிலேயே நூல்கள் பெயரின் முதலெழுத்துக்கள் மட்டும் பொறித்து வெளிவந்தன. தமக்கையார் உரிமை கேட்டு வந்து, கடனே மிஞ்சுமென்று கண்டு கைவிட்டனர். நூற்றறுபது அளவிலிருந்த புத்தகங்களும் தட்டுமுட்டுப் பொருள்களும் ஏலத்தில் விற்கப்பட்டன.