தேடிச் சென்ற புனித புளோரியன்



நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் நாம் குடும்பமாய்க் கூடியிருக்கும் வேளையிலும் தீயணைப்பு நிலையங்களில் சிலர் கடமைக்காக விழித்திருப்பர். அவர்களின் பாதுகாவலர் புனித புளோரியன். எரியும் வீட்டின்மீது நீர் ஊற்றும் போர்வீரராக அவரைத் திருவுருவங்களில் கண்டிருப்பீர்கள்.

இன்றைய ஆஸ்திரியாவில் அமைந்திருந்த நோரிக்கும் என்னும் உரோமை மாநிலத்தில் அவர் அதிகாரியாய் இருந்தார். பேரரசர் தியோக்கிளேசியனின் கலாபனையில், லோர்க் நகரில் நாற்பது கிறிஸ்தவர்கள் சிறைப்பட்டதை அறிந்தார். அவர் ஒளிந்துகொள்ளவில்லை, அவர்களுக்குத் துணைநிற்கத் தாமாகவே புறப்பட்டார். தாமும் கிறிஸ்தவரே என அறிக்கையிட்டார். 304ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், கழுத்தில் கல் கட்டப்பட்டு என்ஸ் ஆற்றில் அமிழ்த்தப்பட்டு மறைசாட்சியானார்.

1184இல் அவரது திருப்பண்டங்கள் போலந்தின் கிராக்கோ நகரை அடைந்தன. 1528இல் அங்கு பெருந்தீ பரவியபோது அவரது ஆலயம் தப்பியது. தீயினின்று காப்பவர் என்னும் பக்தி அதன்பின் வலுப்பெற்றது.

ஆயினும், துன்புற்றோரைத் தேடிச் சென்றதே அவர் வாழ்வின் சாரம். பிறர் வீட்டுத் தீயை அணைப்பவர், காப்பாற்ற முடியாமற்போன முகங்களை நெஞ்சில் சுமந்தபடியே வீடு திரும்புகிறார். ஊரே மகிழும் நத்தாரில் அச்சுமை மேலும் கனக்கும். அவரைத் தேடிச் செல்பவர் யார்?

மீட்பரின் பிறப்புச் செய்தி இரவுக் காவலில் இருந்த இடையர்களையே முதலில் தேடிச் சென்றது. உங்கள் அயலிலும் ஒரு தீயணைப்பு வீரர் இருக்கலாம். இவ்வாண்டு பலகாரத் தட்டுடன் அவர் இல்லம் செல்லுங்கள். அறிவுரை வேண்டாம், அருகமர்ந்து செவிமடுங்கள். உங்கள் குடும்பச் செபமாலையில் அவரையும் நினைவுகூருங்கள்.