மாற்றிப் பிடித்த கை!

ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகளான நமக்குக் கோல்ஃப் என்றால் என்ன தெரியும்? கில்லி தெரியும், கபடி தெரியும், கிரிக்கெட் தெரியும். பெங்களூரில் 1876-லேயே கோல்ஃப் கிளப் வந்துவிட்டது. ஆனால் அந்த ஆட்டம் பஸ் ஏறி நம்ம ஊருக்கு வரவே இல்லை!

நான் இடதுகைக்காரன். பிட்டிங் ஷாப்பில் அரத்தைக் கை மாற்றிப் பிடித்ததற்கு முதல் வருஷம் வாங்கிய திட்டு கொஞ்சமா? நம்ம கையே கோணல்தானோ என்று மனசு உடைந்திருந்த நேரத்தில்தான் பாப்வா செவ்கோலத்தின் வாழ்க்கையைப் படித்தேன்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன இந்திய மக்களிடையே ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பள்ளிப் படிப்பு கிடையாது. சின்ன வயதிலேயே கேடி வேலைக்குப் போனார். கேடி என்றதும் போலீஸ் ஸ்டேஷன் கேடி என்று நினைத்துவிடாதீர்கள்! கோல்ஃப் ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பவருக்கு அதுதான் பெயர்.

சொல்லித் தர ஆளில்லை. தானாகவே அடித்துப் பழகினார். வலதுகைக்காரர் மட்டையைப் பிடிக்கும்போது இடது கை மேலே, வலது கை கீழே இருக்க வேண்டும் என்பது கோல்ஃப் பாடம். பாப்வாவுக்கு அப்படியே தலைகீழ்! வலது கை மேலே, இடது கை கீழே. பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் பந்துக்குக் கை தெரியாதே! மட்டை பந்தைத் தொடும் அந்த ஒரு நொடியில் அதன் முகம் இலக்கை நேராகப் பார்க்கிறதா, உடம்பின் பாரம் பின்காலிலிருந்து முன்காலுக்குச் சரியாக மாறுகிறதா என்பதுதான் கணக்கு. அந்த நொடி தவறாமல் வரும்வரை அடித்து அடித்துப் பழகினார் மனிதர்.

ஓலே கிரீமை உருவாக்கிய கிரகாம் உல்ஃப் என்பவருக்கு அவர் கேடியாக இருந்தார். திறமையைக் கண்ட உல்ஃப் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். 1959-ல் டச்சு ஓபன் பட்டம்! 1960-ல் மறுபடியும். 1964-ல் மூன்றாம் முறை!

சொந்த நாட்டில் நடந்ததுதான் கொடுமை. அது நிறவெறிச் சட்டங்களின் காலம். 1963-ல் நேட்டால் ஓபனை வென்றார். வெள்ளையர் கிளப் கட்டடத்துக்குள் இந்தியருக்கு இடமில்லை. அவர்கள் உள்ளே இருக்க, ஜெயித்தவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. 1965-ல் அதே போட்டியில் கேரி பிளேயரையே தோற்கடித்தார். அந்த ஆண்டுதான் பிளேயர் அமெரிக்க ஓபனை வென்று, நான்கு பெரிய பட்டங்களையும் பெற்ற வீரர் ஆனார். அப்பேர்ப்பட்டவரை ஜெயித்தவருக்குக் கிடைத்த பரிசு? போட்டிகளில் ஆடத் தடை. பாஸ்போர்ட்டும் பறிபோனது. 1978-ல் வறுமையிலேயே கண்ணை மூடினார். பின்னாளில் டர்பனில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். செத்த பிறகு பெயர்ப்பலகை!

பந்தை மெதுவாகக் குழிக்குள் உருட்டும் அடிக்கு, இடது கையைக் கீழே வைப்பதை இன்று பெரிய பெரிய வீரர்களே செய்கிறார்கள். அன்று கோணல், இன்று டெக்னிக்!

நண்பர்களே, இதில் எனக்கு இரண்டு பாடம். ஒன்று, கை எப்படியும் இருக்கட்டும், வேலை அளவுக்கு வரவேண்டும். என் ஜாப்பை இப்போது வெர்னியர் வைத்துப் பாருங்கள், சரியாக இருக்கும்! இரண்டாவது, தனி ஒருவரின் திறமை சாம்பியனைத் தோற்கடிக்கும், ஆனால் பூட்டிய கதவைத் திறக்காது. தென்னாப்பிரிக்காவில் அந்தக் கதவு திறந்தது, உள்ளே மக்களும் வெளியே உலக நாடுகளும் சேர்ந்து தள்ளிய பிறகுதான். திறமையைத் தனியாகப் பழகுவோம், கதவைச் சேர்ந்தே தள்ளுவோம். நம்ம சங்கம் வேறு எதுக்கு இருக்கு?